நடுவக்கா பார்க்காமல் விட்ட நிலையம்

ஐந்து பிள்ளைகளில் மூன்றாவதாகப் பிறந்தவள். மூத்தவர்கள் ஓர் அக்காவும் ஓர் அண்ணனும். இளையவர்கள் இரு தம்பிகள். தம்பிகளுக்கு அக்காக்கள் இருவர் என்பதால் மூத்தவள் பெரியக்காவும் நடுவில் பிறந்த இவள் நடுவக்காவும் ஆனார்கள். நாளடைவில் பெற்றவர்களும் அப்படியே அழைக்கத் தொடங்கினார்கள். பிற்பாடு அலுவலகமும் அழைத்தது. உயரம் ஐந்தடி ஓரங்குலம். மின்னணுவியலில் பட்டயப் படிப்பு, இரண்டாம் வகுப்பில் தேர்ச்சி. இருபத்திரண்டாம் வயதில் குடிநீர் வாரியத்தின் தகவல் தொடர்புப் பிரிவில் சேர்ந்தாள். கணவருக்கு மூக்குக்கண்ணாடிக் கடை. ஒரே மகள்.

அவளுக்கு நாற்பத்து நான்கு வயதானபோது வாரியத்தின் கீழ் நூற்று எண்பத்தேழு நிலையங்கள் இருந்தன. நீரேற்று நிலையம், மேல்நிலைத் தொட்டி, சுத்திகரிப்பு நிலையம் என அவை மூன்று வகைப்படும். ஒவ்வொரு நிலையத்திலும் செங்கல் அளவில் ஒரு ரவுட்டர் சுவரில் மாட்டப்பட்டிருந்தது. தொட்டியில் எத்தனை அடி நீர் நிற்கிறது, மோட்டார் ஓடுகிறதா என்ற விவரங்களை ஒரு ரவுட்டர் அடுத்ததிடம் கொடுக்க, அது அதற்கடுத்ததிடம் கொடுக்க, கடைசியில் தலைமை அலுவலகத்தின் மூன்றாம் மாடியில் சுவர் முழுதும் விரிந்திருந்த திரைக்கு வந்து சேரும். அங்கே ஒவ்வொரு நிலையத்துக்கும் ஒரு கட்டம். கட்டம் பச்சையாக இருந்தால் நலம், சிவந்திருந்தால் கோளாறு, சாம்பல் நிறமானால் செய்தியே வரவில்லை.

நூற்று எண்பத்தேழு கட்டங்களும் ஒரு நாளில் பதின்மூன்று பதினான்கு முறை ஒருசேரச் சாம்பல் பூத்தன.

இவை நடந்தவை. இவற்றின்மேல் கருத்துச் சொல்ல அலுவலகத்தில் ஆளுக்குப் பஞ்சமில்லை. எல்லாக் கருத்தும் ஒரே இடத்தில்தான் போய் முடிந்தது: ஆற்றுக்கு அக்கரையில் இருந்த கடைசி நிலையம். அதுதான் எல்லாவற்றிலும் தொலைவானது, கட்டடமும் பழசு. அது விழும்போதெல்லாம் கூடவே மற்றவற்றையும் இழுத்துக்கொண்டு விழுகிறது என்றார்கள். தலைமைப் பொறியாளர் ஒரு குறிப்பு எழுதி வைத்திருந்தார். கடைசி நிலையத்தை மூடிவிட்டு வேறு குழாய் வழியாக நீர் கொண்டுவருவது, அங்குள்ள பம்ப் ஆபரேட்டரைப் பொதுப் பணிக்கு மாற்றுவது, குடியிருப்பைக் காலி செய்யச் சொல்வது என்று மூன்று வரிகள். கையெழுத்து ஒன்றுதான் பாக்கி.

அந்த ஆபரேட்டர் பெரியக்காவின் கணவர். குடியிருப்பு என்பது பம்ப் அறையின் பின்சுவரை ஒட்டிய இரண்டு அறைகளும் ஒரு சமையற்கட்டும். பெரியக்கா அங்கேதான் இரண்டு பிள்ளைகளைப் பெற்று வளர்த்தாள்.

குறிப்பு எழுதப்பட்ட மறுநாளே செய்தி ஆற்றைத் தாண்டிவிட்டது. பெரியக்கா தொலைபேசியில் கூப்பிட்டாள்.

"ஏண்டி, உங்க ஆபீசுல என் புருஷன் தலையை உருட்டுறாங்களாமே? நீ அங்க உக்காந்து என்ன பண்ணிட்டிருக்க, வேடிக்கையா பாக்குற?"

"வேடிக்கைதான் பாக்குறேன்க்கா. முழுசா பாத்துட்டுச் சொல்றேன்."

"நல்லா பாரு. நாங்க சாமானை மூட்டை கட்டுறதையும் வந்து பாத்துட்டுப் போ."

நடுவக்கா வேடிக்கை பார்த்தது பொய்யில்லை. ஒரு பொருள் ஏன் அப்படி நடந்துகொள்கிறது என்று தெரியாதவரை அவளுக்குச் சோறு இறங்காது. அத்தானுக்காக ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். ஆனால் தெரியாத ஒன்றுக்கு வாதாடுவது அவள் சுபாவத்தில் இல்லை. நீள நோட்டு ஒன்றை எடுத்துக் கோடு போட்டாள். நாள், நேரம், முதலில் விழுந்த நிலையம், காரணம் என்று நான்கு பத்திகள். முப்பது நாள் எழுதினாள்.

அந்த நோட்டு அவளுக்கே ஒரு புதையலாகிவிட்டது. மேற்கில் ஒரு தொட்டி நிலையம் தினமும் காலை ஏழு பத்துக்கு விழுந்து ஏழு இருபத்தைந்துக்கு எழுந்தது. விசாரித்தால், தரை துடைக்க வரும் அம்மாள் தன் இயந்திரத்தைச் செருக வேறு இடமில்லாமல் ரவுட்டரின் பிளக்கைப் பிடுங்கியிருந்தார்; வேலை முடிந்ததும் மறக்காமல் திரும்பச் செருகியும் வைத்தார். தெற்கில் ஒன்று மழை பெய்தால் விழுந்தது. இன்னொன்று மழை விட்டு வெயில் அடித்தால் விழுந்தது. ஓர் எலி மட்டும் நான்கு பதிவுகளுக்குச் சொந்தக்காரனாக இருந்தது. முப்பது நாளில் மொத்தம் நானூற்றுப் பன்னிரண்டு. கடைசி நிலையத்தின் பேரில் முப்பத்தெட்டு.

அதைவிட அவளை உலுக்கியது வேறொன்று. எந்த நிலையம் விழுந்தாலும், அது எத்தனை சிறியதாக இருந்தாலும், நூற்று எண்பத்தேழும் தடுமாறின. காரணம் ஒன்றும் ரகசியமில்லை. ஆரம்பத்தில் இருபது நிலையங்கள் இருந்தபோது செய்த ஏற்பாடு அப்படியே தொடர்ந்தது. ஒவ்வொரு ரவுட்டரும் மொத்த வலையின் வரைபடத்தையும் தன்னிடம் வைத்திருந்தது. எங்கோ ஒரு கம்பி அறுந்தால் அந்தச் செய்தி ஒன்று விடாமல் எல்லாவற்றுக்கும் போகும். எல்லாம் தத்தம் படத்தைத் திருத்தி, வழிகளை முதலிலிருந்து கணக்கிடும். இருபதுக்கு அது சுலபம். நூற்று எண்பத்தேழுக்கு அந்தப் பழைய பெட்டிகளால் முடியவில்லை. கணக்கு முடிவதற்குள் அடுத்த செய்தி வந்துவிடும். மூச்சு முட்டிப் போய் வாயடைத்து நிற்கும். அப்போதுதான் திரை சாம்பல் பூத்தது.

இதை வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தபோது, கண்ணாடி ஒன்றுக்குத் திருகாணி பூட்டிக்கொண்டிருந்த கணவர் தலையைத் தூக்காமலே கேட்டார்.

"உங்க குடும்பம் மாதிரியா?"

"எங்க குடும்பத்துக்கு என்ன?"

"போன வாரம் உன் சின்னத் தம்பி ரெண்டு தும்மல் போட்டான். ஒரு மணி நேரத்துல எத்தனை போன் வந்துச்சு? உன் அண்ணன் எனக்குச் சொன்னாரு, உன் அக்கா உனக்குச் சொன்னாங்க, நீ கடைக்குப் போன் பண்ணி எனக்கே திரும்பச் சொன்ன. அவன் மூக்கைச் சிந்தி முடிக்கிறதுக்குள்ள நாப்பது வீட்டுல அடுப்பை அணைச்சிட்டு உக்காந்துட்டாங்க."

"கிண்டலா?"

"கிண்டல் இல்லம்மா. வீட்டுக்கு ஒருத்தர்னு வெச்சு, அவங்க மட்டும் அடுத்த வீட்டுக்கு 'எல்லாரும் சௌக்கியம்'னு சொன்னாப் போதாதா? தும்மல் எதுக்கு ஊரெல்லாம் போகணும்?"

அவர் சொன்னதுதான் ரவுட்டர் கையேட்டில் நூற்றுப் பதினான்காம் பக்கத்தில் வேறு சொற்களில் இருந்தது. பெரிய வலையைச் சிறு குழுக்களாகப் பிரிக்கலாம். குழுவுக்குள் இருப்பவை தம் குழுவின் படத்தை மட்டும் முழுதாக வைத்திருக்கும். குழுவின் எல்லையில் நிற்கும் ரவுட்டர், உள்ளே நடக்கும் சில்லறைச் சங்கதிகளை விட்டுவிட்டு, இன்னின்ன நிலையங்கள் என் பக்கம் இருக்கின்றன என்ற சுருக்கத்தை மட்டும் வெளியே சொல்லும். அந்த எல்லை ரவுட்டர்களெல்லாம் நடுவில் ஒரு தனிக் குழுவில் கூடும். இதில் மீற முடியாத விதி ஒன்று உண்டு: ஒவ்வொரு சிறு குழுவும் நடுக்குழுவைத் தொட்டே ஆக வேண்டும். இரண்டு சிறு குழுக்கள் நடுவை விட்டுவிட்டுத் தமக்குள் சேதி பரிமாறிக்கொள்ள முடியாது.

அடுத்த கூட்டத்தில் நோட்டை மேசைமேல் வைத்தாள்.

"முப்பத்தெட்டு முறை விழுந்திருக்கு. அது கம்மியா?" என்றார் தலைமைப் பொறியாளர்.

"கம்மின்னு சொல்லலை சார். மிச்சம் முந்நூத்தி எழுபத்திநாலு யாரோடதுன்னு கேக்குறேன்."

வாரியத்தின் ஏழு கோட்டங்களில் ஒன்றான வடக்குக் கோட்டத்தின் பொறியாளர் நாற்காலியில் நிமிர்ந்தார். எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடுவதற்கு முன் மூன்று வாரம் யோசிப்பவர். பேனாவின் மூடியைக் கழற்றி யாரும் பார்த்ததில்லை என்பதால் பேனாமூடி என்ற பெயர் அவருக்கு நிலைத்திருந்தது. நோட்டில் அவருடைய கோட்டத்தின் பேரில் தொண்ணூற்றேழு பதிவுகள் இருந்தன.

"நடுவக்கா அத்தானுக்கு வக்காலத்து வாங்குறாங்க. வாங்கட்டும், வாங்கட்டும். சொந்தம்னு ஒண்ணு இருக்குல்ல?" என்றார்.

அறை சிரித்தது. நடுவக்காவும் சிரித்துவைத்தாள். ஆனால் அந்தச் சொல்லை அவள் மறக்கவில்லை.

தலைமைப் பொறியாளர் சிரிக்கவில்லை. அவருக்கு நோட்டின் மேல் கண் போயிருந்தது. எலியைப் பற்றி இரண்டு கேள்வி கேட்டார். பிறகு சொன்னார்:

"சரி, பிரிச்சுப் பாருங்க. கோட்டத்துக்கு ஒண்ணா ஏழு குழு, நடுவுல ஒண்ணு. பிரிச்ச அன்னைக்கிலேர்ந்து அறுபது நாள் எண்ணுவேன். திரை சாம்பலாகாம இருந்தா கடைசி ஸ்டேஷன் இருக்கும். ஆச்சுன்னா இந்தக் குறிப்புல கையெழுத்துப் போட்டுடுவேன். அப்புறம் யாரும் வந்து நிக்கக் கூடாது."

பிரிப்பதற்கு முன் கம்பிகள் எங்கே ஓடுகின்றன என்று கண்ணால் பார்க்க வேண்டும் என்றாள் நடுவக்கா. அலுவலக ஜீப் ஒன்று கிடைத்தது. ஐம்பத்திரண்டு வேலை நாட்களில் நூற்று எண்பத்தாறு நிலையங்களை ஏறி இறங்கினாள். ஒவ்வொரு கம்பியையும் அதன் முனைவரை தொட்டுப் பார்த்து எழுதினாள். தரை துடைக்கும் அம்மாளுக்குத் தனியாக ஒரு பிளக் போட்டுக் கொடுத்தாள்.

போகாத ஒன்று, கடைசி நிலையம்.

அலுவலக ஜீப்பில் அக்கா வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தாள் என்று ஒரு வாய் சொன்னால் போதும். செய்த வேலை முழுதும் சந்தேகத்துக்கு ஆளாகும். அத்தானுக்கு ஒரு தம்படி சலுகையும் காட்டவில்லை என்று எவரும் ஒப்புக்கொள்ளும்படி இருக்க வேண்டும் என்பதில் அவள் பிடிவாதமாக இருந்தாள். ஆகவே அந்த ஒரு நிலையத்துக்கு மட்டும் கிழக்குக் கோட்டத்தின் பதிவேட்டைப் பார்த்து எழுதினாள். பதிவேடு தெளிவாகத்தான் இருந்தது. கடைசி நிலையமும் அதன் வழியாகவே வலையில் இணைந்த நான்கு நிலையங்களும் கிழக்குக் கோட்டம். பிரதானக் கம்பி ஆற்றுப் பாலத்தின் வழியாகக் கிழக்குச் சுத்திகரிப்பு நிலையத்துக்கு. உபரியாக இன்னொரு கம்பி, காட்டுச் சாலை வழியாக வடக்குக் கோட்டத்தின் ஒரு தொட்டிக்கு. நிலையம் விழுந்த முப்பத்தெட்டு முறைக்கும் புகார்ப் புத்தகத்தில் 'மின்சாரம்' என்று ஒரே காரணம் எழுதியிருந்தது. அவளும் 'மின்சாரம்' என்றே எழுதிக்கொண்டாள். விழுந்தது நிலையமா, அதன் இரண்டு கம்பிகளில் ஒன்றா என்று கேட்க அவளுக்குத் தோன்றவில்லை. ஐந்து நிலையங்களும் கிழக்குக் குழுவில் சேர்ந்தன.

பெரியக்காவுக்கு இந்தச் சுற்றுப்பயணம் தெரியாமல் போகுமா?

"நூத்தி எண்பத்தாறு இடத்துக்குப் போனியாம். எங்க வீட்டுக்கு மட்டும் வழி தெரியலையா?"

"அது அப்படி இல்லக்கா. நாலு பேரு நாலு விதமா பேசுவாங்க."

"பேசட்டுமே. நாலு பேருக்குப் பயந்து கூடப் பொறந்தவளைத் தள்ளி வெக்கிறியா?" என்று சொல்லிவிட்டுத் தொலைபேசியை வைத்துவிட்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்குத் தொடங்கிப் பத்தரைக்குள் வலையைப் பிரித்தாள். தலைமை அலுவலகத்தின் இரண்டும், ஏழு எல்லை ரவுட்டர்களுமாக ஒன்பது நடுக்குழுவில். மற்ற நூற்று எண்பதும் ஏழு குழுக்களில். ஒவ்வொரு குழுவாக மாற்றும்போது அதன் கட்டங்கள் சாம்பலாகி, ஒன்றிரண்டு நிமிடம் கழித்துப் பச்சைக்குத் திரும்பின. திங்களன்று மேற்கில் ஒரு கம்பி அறுந்தது. ஒரு கட்டம் சிவந்தது. மேற்குக் குழு லேசாகக் கண் சிமிட்டியது. மற்ற ஆறு குழுக்களுக்கும் அப்படியொன்று நடந்ததே தெரியவில்லை. திரையின் முன்னால் உட்காரும் பணியாளர் எழுந்து அருகில் போய், திரை உறைந்துவிட்டதோ என்று விரலால் தட்டிப் பார்த்தார். எட்டு நாள் அப்படியே போயிற்று. கடைசி நிலையத்தில் மட்டும் சில நொடிச் சறுக்கல் இரண்டு முறை. அவள் பழக்கதோஷத்தில் 'மின்சாரம்' என்று எழுதினாள்.

ஒன்பதாம் நாள் முற்பகல் பதினொன்று இருபதுக்கு ஐந்து கட்டங்கள் சாம்பலாயின. கடைசி நிலையமும் அதன் நான்கும். நொடிகள் கழிந்தன, நிமிடங்கள் கழிந்தன, திரும்பவில்லை.

நடுவக்கா தொலைபேசியைச் சுழற்றினாள். அக்காவின் வீட்டு எண் என்று பார்க்கவில்லை.

"அத்தான், அங்க கரண்ட் இருக்கா?"

"இருக்கும்மா. ரவுட்டர்ல பச்சை லைட்டுதான் எரியுது. அஞ்சு ஸ்டேஷனும் ஒண்ணுக்கொண்ணு நல்லா பேசிட்டுத்தான் இருக்கு. ஏன், என்ன ஆச்சு?"

"இங்க உங்க அஞ்சும் செத்துப்போச்சு."

"நாங்க உசுரோடதான் இருக்கோம். இரு, பாலத்துக்குப் போய் பாத்துட்டு வர்றேன்."

பாலத்துக்கு எதற்கு என்று அவள் கேட்பதற்குள் சைக்கிள் எடுக்கப் போய்விட்டார். நாற்பத்தோராவது நிமிடத்தில் ஐந்து கட்டங்களும் பச்சைக்கு வந்தன. அதற்குள், நீர்மட்டம் தெரியாததால் மோட்டாரை நிறுத்த ஆளில்லாமல், ஐந்தில் ஒரு தொட்டி நிரம்பி வழிந்து ஒரு தெருவில் முழங்கால் ஆழத்துக்குத் தண்ணீர் நின்றது.

அன்று பிற்பகலே ஜீப்பை எடுத்துக்கொண்டு ஆற்றைத் தாண்டினாள். பெரியக்கா வாசலிலேயே நின்றிருந்தாள்.

"வாங்க ஆபீசர். ஒரு வழியா எங்க பேரும் உங்க லிஸ்டுல வந்துடுச்சா?"

"அக்கா, அப்புறம் திட்டு. அத்தான் எங்க?"

அத்தான் அவளைப் பாலத்துக்கு அழைத்துப்போனார். பாலத்தின் நடுவில், இரண்டு கான்கிரீட் பலகைகள் சேரும் இடுக்கை ஒட்டி, கைப்பிடிச் சுவரில் ஓர் இணைப்புப் பெட்டி இருந்தது. பாரம் ஏற்றிய லாரி அந்த இடுக்கின் மேல் ஏறி இறங்கும்போது சுவர் நடுங்கும்; பெட்டிக்குள் கம்பி நழுவும். பெரும்பாலும் சில நொடியில் தானே பொருந்திக்கொள்ளும். இன்று முழுதும் கழன்றுவிட்டது. அவர்தான் திருகிப் பூட்டினார்.

"முப்பத்தெட்டு முறையும் இதுதானா?"

"மோட்டார் ஸ்டார்ட் பண்றப்ப கரண்ட் இறங்கி விழுந்தது ஒரு எட்டு பத்து இருக்கும். மத்ததெல்லாம் லாரிதான். ஆனா முன்னெல்லாம் இது விழுந்தா காட்டு ரோட்டுக் கம்பி தாங்கிக்கும்மா. ரெண்டு நொடியில அந்தப் பக்கமா போயிடும். இப்ப ஏன் தாங்கலைன்னுதான் எனக்குப் புரியலை."

அவளுக்குப் புரிந்துவிட்டது. காட்டுச் சாலைக் கம்பி போய்ச் சேர்வது வடக்குக் குழுவின் தொட்டியில். இந்த ஐந்தும் கிழக்குக் குழு. வலை ஒன்றாக இருந்தவரை அந்தக் கம்பி ஒரு வழி; பிரித்தபின், அது இரண்டு சிறு குழுக்களுக்கு நடுவே ஓடும் கம்பி. நடுக்குழுவை அது தொடவில்லை. பாலத்துக் கம்பி விழுந்த கணமே ஐந்து நிலையங்களும் தனித் தீவாகித் தமக்குள் நலம் விசாரித்துக்கொண்டிருந்தன. விதியை நன்றாகத் தெரிந்து வைத்திருந்தவளே அந்தத் தீவை உண்டாக்கியிருந்தாள்.

"இதை ஏன் அத்தான் என்கிட்ட சொல்லலை?"

"கோட்டத்துக்கு மூணு தடவை எழுதிப் போட்டேன். உன்கிட்ட..." அவர் பெட்டியின் மூடியைச் சாத்தினார். "மச்சினி பெரிய ஆபீசுல இருக்கா, அதைச் சாக்கா வெச்சு சிபாரிசு பிடிக்கிறான்னு ஆயிடக் கூடாதேன்னு பாத்தேன். நீயும் கேக்கலை."

அவள் நோட்டைத் திறந்து அன்றைய பதிவின் காரணப் பத்தியில் 'பாலத்துக் கம்பி' என்று எழுதினாள்.

மறுநாள் தலைமைப் பொறியாளர் மேசையில் அந்த மூன்று வரிக் குறிப்பு வெளியே எடுத்து வைக்கப்பட்டிருந்தது. பேனாமூடியும் ஒரு நாற்காலியில் இருந்தார்.

"அறுபது நாள்னு சொன்னேன். ஒன்பதாவது நாள் தெருவுல தண்ணி. இனிமே என்ன இருக்கு?"

"தப்பு என்னோடது சார். நூத்தி எண்பத்தாறு ஸ்டேஷன் நேர்ல பாத்தேன். ஒண்ணை மட்டும் பாக்கலை."

"எதை?"

"கடைசி ஸ்டேஷனை."

"ஏன்?"

"அக்கா வீடு சார்."

தலைமைப் பொறியாளர் பேனாமூடியைப் பார்த்தார். பேனாமூடி சன்னலைப் பார்த்தார். நடுவக்கா வெள்ளைத் தாளில் ஐந்து நிலையங்களையும் இரண்டு கம்பிகளையும் வரைந்து காட்டினாள். ஐந்தையும் கிழக்கிலிருந்து எடுத்து வடக்குக் குழுவில் சேர்த்துவிட்டால் காட்டுச் சாலைக் கம்பி குழுவுக்குள் ஓடும் கம்பியாகிவிடும். பாலத்துக் கம்பியின் மறுமுனை கிழக்குச் சுத்திகரிப்பு நிலையத்தில், நடுக்குழுவைத் தொடும் எல்லை ரவுட்டரிலேயே இருந்ததால், அதையும் வடக்குக் குழுவின் கம்பியாக எழுதிவிடலாம். இரண்டில் எது விழுந்தாலும் மற்றது தாங்கும்.

"அந்தப் பெட்டியைச் சரி பண்ணிட்டாப் போதாதா?"

"அதையும் பண்ணிடலாம் சார். ஆனா அடுத்தது எங்க விழும்னு எனக்குத் தெரியாதே."

"என்னால ஒத்துக்க முடியாது," என்றார் பேனாமூடி. "அது என் கோட்டத்து ஸ்டேஷனே இல்லை. விழுந்தா என் பேர்லதானே எழுதுவீங்க? ஏற்கெனவே தொண்ணூத்தேழு."

"ரவுட்டருக்கு உங்க கோட்டமும் தெரியாது, அவங்க கோட்டமும் தெரியாது சார். தன் கம்பி எங்க போகுதுன்னு மட்டும்தான் தெரியும்."

தலைமைப் பொறியாளர் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குள்ளும் ஏதோ அரித்திருக்க வேண்டும். "லாரி போனா விழும்னு யாரு பாத்தா?" என்று கேட்டார். ஆபரேட்டர் என்றாள். "நான் பாக்கணும்" என்று எழுந்துவிட்டார்.

இப்படியாக வாரியத்தின் தலைமைப் பொறியாளரும், வடக்குக் கோட்டப் பொறியாளரும், நடுவக்காவும், அவள் அத்தானும் நண்பகல் வெயிலில் பாலத்தின்மேல் வரிசையாக நின்று பாரம் ஏற்றிய லாரிக்குக் காத்திருந்தார்கள். அத்தான் பெட்டியைத் திறந்து, உள்ளே எரியும் சின்ன விளக்கு தெரியும்படி பிடித்துக்கொண்டிருந்தார். கார்கள் போயின. பேருந்து ஒன்று போயிற்று, விளக்கு அசையவில்லை. வெற்று லாரி ஒன்று கடகடத்துப் போயிற்று, அதற்கும் அசையவில்லை. அரை மணி நேரம் ஆயிற்று. பெரியக்கா ஒரு கூஜாவில் தண்ணீரும் நான்கு டம்ளர்களும் கொண்டுவந்தாள்.

"எதுக்கு எல்லாரும் பாலத்துல நிக்கிறீங்க? யாராச்சும் விழுந்துட்டாங்களா?" என்று தலைமைப் பொறியாளரிடமே கேட்டாள்.

"இன்னும் விழலைம்மா. விழட்டும்னுதான் நிக்கிறோம்," என்றார் அவர்.

அப்போது செங்கல் லாரி ஒன்று வந்தது. அச்சு வளையும் அளவுக்குப் பாரம். முன்சக்கரம் இடுக்கில் இறங்கி ஏறியது; சுவர் நடுங்கியது; விளக்கு அணைந்தது. ஒன்று, இரண்டு, மூன்று என்று தலைமைப் பொறியாளர் கடிகாரத்தைப் பார்த்து உரக்க எண்ணினார். ஏழில் மீண்டும் எரிந்தது. அவர் முகத்தில் ஒரு சின்னப் பையனின் சந்தோஷம் வந்து போயிற்று. "இன்னொண்ணு வருதான்னு பாப்போம்" என்றார். இன்னும் இருபது நிமிடம் நின்றார்கள். அடுத்த லாரிக்கு ஒன்பது நொடி.

"அஞ்சும் வடக்குக்கு மாறட்டும்," என்றார். "விழுந்தா யார் பேர்லயும் எழுத வேண்டாம், கம்பி பேர்ல எழுதுங்க. நடுவக்கா, அறுபதை நாளைலேர்ந்து மறுபடி எண்ணப் போறேன். இது கடைசி."

மாற்ற உத்தரவை நடுவக்கா கையோடு எழுதிக் கொண்டுவந்திருந்தாள். பேனாமூடி அதை இரண்டு முறை படித்தார். கூஜா, டம்ளர், மேலதிகாரி, மேலே வெயில் என்று தப்பிக்க இடமில்லாத நிலை. சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, மூடியைக் கழற்றி, பாலத்துச் சுவரின்மேல் தாளை வைத்துக் கையெழுத்துப் போட்டார்.

"மை வருதே!" என்றார் அத்தான் தன்னை மறந்து. முதலில் சிரித்தது பேனாமூடிதான்.

நடுவக்கா அன்று அக்கா வீட்டில் சாப்பிட்டாள். ஜீப் வாசலில் எல்லாருக்கும் தெரியும்படி நின்றது.

அறுபது நாளில் பாலத்துக் கம்பி எழுபத்தொரு முறை விழுந்தது. இணைப்புப் பெட்டியை மாற்றுவதற்கான அனுமதி அறுபத்து நான்காம் நாள்தான் வந்தது. எழுபத்தொரு முறையும் காட்டுச் சாலைக் கம்பி தாங்கியது. காட்டுச் சாலைக் கம்பி இரண்டு முறை விழுந்தபோது பாலத்துக் கம்பி தாங்கியது. கம்பி விழுந்து கடைசி நிலையத்தின் கட்டம் ஒருமுறைகூடச் சாம்பலாகவில்லை; திரையும் ஒருசேரச் சாம்பல் பூக்கவில்லை. நோட்டின் காரணப் பத்தியில் இந்த முறை 'மின்சாரம்' என்ற சொல் ஏழு இடங்களில் வருகிறது. ஏழையும் அவள் தொலைபேசியில் கேட்டு உறுதி செய்தபின் எழுதியிருக்கிறாள்.

அறுபத்தோராம் நாள் காலை தலைமைப் பொறியாளர் அந்தக் குறிப்பைக் கையெழுத்திடாமலே கோப்பில் சேர்க்கச் சொன்னார். ஓரத்தில் பென்சிலால் 'நிலையம் தொடரும்' என்று எழுதியிருந்தார். நடுவக்கா அக்காவைக் கூப்பிட்டுச் செய்தியைச் சொன்னாள்.

"அப்போ சமையக்கட்டுக்கு வெள்ளையடிச்சிடலாங்கிறியா?" என்றாள் பெரியக்கா.

"அடிச்சிடுக்கா."

அதன்பின், அத்தான் ஓய்வு பெறும்வரை, அவர்கள் அந்த வீட்டில் இருந்தது பதினோரு ஆண்டுகள், நான்கு மாதங்கள்.